முதியோர் இல்லத்தில் உடல் தூய்மைப் பராமரிப்பு: பல் துலக்குவது முதல் தலை வாருவது வரை

முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேருகிறவரின் கையில் முதல் நாளே ஒரு வாளியும் குவளையும் வந்துவிடும். காலை உணவுக்குள் எத்தனை பேரைக் குளிப்பாட்டி முடிக்க வேண்டும் என்ற கணக்கும் கூடவே வரும். விடிவதற்கு முன்பே விளக்கைப் போட்டு, தூங்குபவரை எழுப்பி, தண்ணீர் ஊற்றித் துடைத்து, பவுடர் பூசி உட்கார வைத்துவிடும் இல்லங்கள் உண்டு. பகல் ஷிப்டுக்கு வேலை மிச்சமாகிறது. குளிரில் நடுங்கியவரிடம் அது எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

எழுந்து நடக்க முடியாதவர்கள், பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர்கள், மறதிநோய் முற்றியவர்கள் ஆகியோரைக் கவனித்துக்கொள்ளும் ஆயாக்களுக்கும் உதவிச் செவிலியர்களுக்கும் இதை எழுதுகிறேன். பெற்றோரை இல்லத்தில் சேர்த்திருக்கும் பிள்ளைகளும் படிக்கலாம். அடுத்த முறை பார்க்கப் போகும்போது எதைக் கவனிப்பது, எதைக் கேட்பது என்பது பிடிபடும்.

ஆளை அறிந்துகொண்ட பிறகே வாளியைத் தொடுங்கள்

1963இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ், ஒரு மனிதர் எந்த அளவுக்குப் பிறரைச் சார்ந்திருக்கிறார் என்பதை அளக்க ஆறு அன்றாட வேலைகளை எடுத்துக்கொண்டார்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்குவது, உண்பது. பெரும்பாலும் முதலில் கைநழுவுவது குளியல், கடைசியில் போவது உண்பது. ஆகவே தானாகக் குளிக்க முடியாத ஒருவரால் முகம் கழுவ முடியலாம், பல் துலக்க முடியலாம், சீப்பைப் பிடிக்க முடியலாம். எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். இருக்கிற திறனும் சீக்கிரம் போய்விடும். ஈரத்துணியை அவர் கையில் கொடுத்து முகத்தைத் துடைக்கச் சொல்லுங்கள். அவர் விட்ட இடத்தை நீங்கள் துடையுங்கள்.

புதிதாக ஒருவர் வந்து சேர்ந்ததும் அவரிடமோ குடும்பத்தாரிடமோ சிலவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். காலையில் குளிப்பவரா, மாலையிலா? வெந்நீரா, பச்சைத் தண்ணீரா? தலைக்கு ஊற்றுவது எந்தெந்தக் கிழமை? சீயக்காயா, ஷாம்பூவா? குளித்ததும் விபூதியா, திருமண்ணா, பொட்டா, எதுவும் வேண்டாமா? முஸ்லிம் பெரியவர் என்றால் தொழுகைக்கு முன் ஒளூச் செய்ய (முகம், கை, கால் கழுவித் தூய்மை செய்துகொள்ள) யார் உதவுவது? எழுபது ஆண்டுகள் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்த ஒருவருக்குச் செவ்வாய்க்கிழமை உங்கள் அட்டவணைப்படி தண்ணீர் ஊற்றினால், உடம்பு சுத்தமாகும், மனம் குமையும்.

எப்படி அழைப்பது என்பதையும் கேட்டுவிடுங்கள். பாட்டி, தாத்தா என்பது நமக்கு அன்பான சொல்தான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு 'சார்' என்றால்தான் முகம் மலரும். பிள்ளை இல்லாத ஒரு பெண்மணிக்குப் 'பாட்டி' உறுத்தலாம். 'அம்மா', 'ஐயா' பெரும்பாலும் யாரையும் காயப்படுத்துவதில்லை. 'வா, போ, நிமிரு' என்ற ஒருமை அறவே வேண்டாம். குழந்தையிடம் கொஞ்சுவதுபோல் பேசுவதும் அப்படித்தான். உடல் தளர்ந்திருக்கலாம், அவமானம் உணரும் புலன் தளர்வதில்லை.

கூடுமானவரை பெண்களைப் பெண்களும் ஆண்களை ஆண்களும் கவனிக்கட்டும். ஆள் பற்றாக்குறை என்று இதைத்தான் முதலில் விட்டுக்கொடுக்கிறார்கள். குறைந்தபட்சம் குளியலுக்கும் டயப்பர் மாற்றுவதற்குமாவது இந்த ஏற்பாடு இருக்க வேண்டும். அதுவும் முடியாத நாளில் அவரிடம் சொல்லி, சம்மதம் கேட்ட பிறகு தொடங்குங்கள்.

தயாராவது

ஒருவரைத் தொடுவதற்கு முன்பும், தொட்டு முடித்த பின்பும் கை கழுவ வேண்டும். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் கரைசல் என்றால் 20 முதல் 30 விநாடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறுநீர், மலம், ரத்தம், புண், வாய் ஆகியவற்றைக் கையாளும்போது கையுறை கட்டாயம். ஒரே கையுறையோடு அடுத்த கட்டிலுக்குப் போவது, கையுறையே போடாமல் இருப்பதைவிட மோசமானது; உங்கள் கை சுத்தமாக இருக்கும், நோய் மட்டும் கட்டில் கட்டிலாகப் போகும். முதுகு தேய்க்கவும் தலை வாரவும் கழுவிய வெறுங்கையே போதும்.

வேண்டிய எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு பேசின், மூன்று நான்கு சிறு துணிகள், இரண்டு துண்டு, போர்வை, ரப்பர் ஷீட், மாற்றுடை, புது டயப்பர், அழுக்குத் துணிக்கு ஒரு பை. பாதிக் குளியலில் ஆளை நாற்காலியில் விட்டுவிட்டுத் துண்டு தேடிப் போன நேரத்தில்தான் பல வீழ்ச்சிகள் நடக்கின்றன. மின்விசிறியை நிறுத்துங்கள், கதவைச் சாத்துங்கள், திரையை இழுங்கள். திரை இல்லாத கூடம் என்றால் இரண்டு கொக்கியும் ஒரு பழைய புடவையும் போதும். இதற்கு நிதி ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

வாய்: அதிகம் மறக்கப்படும் இடம்

குளியலைத் தவறவிட்டால் மேற்பார்வையாளர் கேட்பார். பல் துலக்காமல் விட்டால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் படுத்திருப்பவரின் உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ளது வாய்தான். விழுங்கும் திறன் குறைந்தவர்களின் எச்சில், தூக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் இறங்கும். வாயில் கிருமி மண்டியிருந்தால் அதுவும் சேர்ந்து இறங்கி நிமோனியாவாகும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் பராமரிப்பாளர் பல் துலக்கிவிட்ட குழுவில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. மற்றக் குழுவில் 19 சதவீதம். விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லை, ஒரு பிரஷ்தான்.

உட்கார முடிந்தவரை நிமிர்த்தி உட்கார வையுங்கள். மோவாய் சற்றுக் கீழே தாழ்ந்திருக்கட்டும். மென்மையான பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் சோற்றுப் பருக்கை ஒதுங்கியிருக்கும். பக்கவாதம் வந்தவருக்குச் செயலிழந்த பக்கத்தில் அது கண்டிப்பாக இருக்கும், அவருக்கே தெரியாது. நாக்கையும் துடையுங்கள். கொப்பளிக்கத் தெரியாதவருக்குத் தண்ணீர் கொடுக்காமல், பிழிந்த ஈரத்துணியால் நுரையைத் துடைத்தெடுங்கள்.

நினைவில்லாமல் படுத்திருப்பவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கன்னத்தின் கீழ் துண்டு விரித்து, நீர் சொட்டாத அளவுக்குப் பிழிந்த துணியாலோ மென்மையான பிரஷாலோ சுத்தம் செய்ய வேண்டும். பற்களுக்கு நடுவே விரலை விடாதீர்கள், தன்னையறியாமல் கடித்துவிடுவார். மூக்கு வழியாக ட்யூபில் உணவு போகிறவருக்கு வாய்ப் பராமரிப்பு தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். மெல்லாத வாயில் எச்சில் குறைவாகச் சுரப்பதால் அழுக்கு இன்னும் வேகமாகப் படியும். அவருக்குத்தான் அடிக்கடி வேண்டும். உதடு வெடித்தால் சிறிது வாசலின் தடவலாம். ஆக்ஸிஜன் வைத்திருப்பவர் என்றால் செவிலியரைக் கேளுங்கள்.

பல்செட்டை இரவில் கழற்றியே ஆக வேண்டும். பேசினில் தண்ணீர் நிரப்பி அதன் மேல் வைத்துத் தேய்த்தால், கை நழுவினாலும் உடையாது. பேஸ்ட் வேண்டாம், கீறல் விழும். மென்மையான திரவ சோப்பு போதும். வெந்நீரில் போட்டால் நெளிந்துவிடும். தேய்த்த பிறகு மூடியுள்ள டப்பாவில் குளிர்ந்த நீரில் ஊறட்டும், டப்பாவின் மேல் பெயர் ஒட்டியிருக்கட்டும். எல்லோருடைய செட்டையும் ஒரே பாத்திரத்தில் கழுவி, பிறகு எது யாருடையது என்று வாய் வாயாகப் போட்டுப் பார்ப்பது சுகாதாரக் கேடு, மரியாதைக் கேடும்கூட.

குளியலறையில் குளிப்பாட்டுவது

உட்கார முடிந்தவரைக் குளியலறைக்கே அழைத்துப் போங்கள். படுக்கைக் குளியல் கடைசி வழியாக இருக்கட்டும். தண்ணீர் மேலே விழுந்து ஓடினால்தான் நம்மவர்களுக்குக் குளித்ததாகவே படும்.

சாப்பிட்டவுடனும் ரத்த அழுத்த மாத்திரை போட்டவுடனும் வேண்டாம். படுத்திருப்பவரை முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இரண்டு மூன்று நிமிடம் உட்கார வைத்து, தலை சுற்றுகிறதா என்று கேட்டுவிட்டு நாற்காலிக்கு மாற்றுங்கள். பக்கவாதம் உள்ளவரை நல்ல பக்கம் நோக்கியே நகர்த்த வேண்டும். சக்கர நாற்காலியை அந்தப் பக்கமாக நிறுத்தி பிரேக் போடுங்கள். சாதாரணப் பிளாஸ்டிக் நாற்காலி ஈரத்தரையில் கால் அகன்று சரிந்துவிடும். கைப்பிடியும் ரப்பர் பாதமும் உள்ள குளியல் நாற்காலி வேண்டும். சுவரில் பிடிமானக் கம்பி, தரையில் வழுக்காத விரிப்பு இரண்டும் இல்லாத குளியலறைக்குள் தள்ளாடுகிறவரைக் கூட்டிப் போகாதீர்கள்.

வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, அதன்மேல் வெந்நீரைக் கலக்க வேண்டும். மாற்றிச் செய்தால், கலப்பதற்குள் யாராவது அழைக்க, நீங்கள் திரும்ப, அவர் வெறும் வெந்நீருக்குள் கையை விட்டுவிடுவார். 60 டிகிரி வெந்நீர் ஐந்து விநாடிக்குள் தோலை ஆழமாக வேகவைத்துவிடும். முதியவரின் தோல் மெல்லியது; சர்க்கரை நோயால் மரத்த காலுக்குச் சூடே தெரியாது. 38 முதல் 40 டிகிரி போதுமானது. வெப்பமானி இல்லையென்றால் முழங்கையை நனைத்துப் பாருங்கள். விரல் வெந்நீருக்குப் பழகியது, அதை நம்ப முடியாது. பிறகு அவர் கைமேல் கொஞ்சம் ஊற்றி, "சூடு சரியா அம்மா?" என்று கேளுங்கள்.

தலையில் முதல் குவளையைக் கவிழ்க்காதீர்கள். பாதத்தில் தொடங்கி, முழங்கால், மடி, கை, தோள் என்று மேலே போங்கள். மூச்சு திணறாது, திடுக்கிடலும் இராது. மடியிலும் தோளிலும் ஒரு மெல்லிய துண்டைப் போட்டு, அதன் மேலேயே தண்ணீர் ஊற்றி, அதற்குள் கையை விட்டுத் தேய்க்கலாம். கிணற்றடியிலும் ஆற்றிலும் மார்புவரை பாவாடை ஏற்றிக் கட்டிக் குளித்து வளர்ந்த பெண்களுக்கு உடம்பெல்லாம் வெளித்தெரிய உட்காருவது பெரிய வதை.

சோப்பைத் தினமும் உடம்பு முழுவதும் போட வேண்டியதில்லை. தோல் இயல்பில் சற்று அமிலத்தன்மை உடையது, நம் குளியல் சோப்புகளில் பெரும்பாலானவை காரத்தன்மை உடையவை. வயதான தோலில் எண்ணெய்ப்பசை ஏற்கெனவே குறைவு. சோப்பு மிச்சத்தையும் உரித்து அரிப்பைக் கிளப்பிவிடும். அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகியவற்றுக்குச் சோப்பு, மற்ற இடங்களுக்குத் தண்ணீரோ பாசிப்பயற்று மாவோ போதும்.

எண்ணெய்க் குளியல் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். கேட்டால் மறுக்காதீர்கள். உச்சந்தலையில் அரைக் கரண்டி நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ வைத்து இதமாகத் தேய்த்துவிடலாம். பாதத்தில் எண்ணெய் இருந்தால் நிற்கவே விடக்கூடாது. மூக்கிலோ தொண்டையிலோ எண்ணெய் விடும் வழக்கத்தை மட்டும் உறுதியாக மறுத்துவிடுங்கள். நுரையீரலுக்குள் எண்ணெய் இறங்கினால் வரும் நிமோனியா எளிதில் ஆறாது. ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அதை உருவித் தேய்க்காதீர்கள். ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், மருத்துவர் பார்க்கட்டும். தலை உலர்த்தச் சாம்பிராணி போடுவதும் ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது. ஆக்ஸிஜன் ஓடும் அறையில் நெருப்பே கூடாது.

படுக்கைக் குளியல், படிப்படியாக

1. என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். பதில் சொல்லும் நிலையில் இல்லாதவருக்கும் சொல்லுங்கள். ட்யூபில் உணவு போய்க்கொண்டிருந்தால் செவிலியரிடம் சொல்லி நிறுத்திய பிறகே தலையைத் தாழ்த்த வேண்டும்.

2. அடியில் ரப்பர் ஷீட்டும் அதன்மேல் துண்டும் விரித்து, போர்வையை மேலே போட்டு, அதற்குள்ளேயே உடையைக் கழற்றுங்கள். துடைக்கும் உறுப்பு மட்டும் வெளியே இருக்கட்டும்.

3. கண்ணிலிருந்து தொடங்குங்கள். சோப்பு கூடாது. மூக்கோரத்திலிருந்து காதுப்பக்கமாக ஒரே இழுப்பு. மறு கண்ணுக்குத் துணியின் வேறு மூலை. ஒரு கண்ணில் பீளை அதிகம் என்றால் அதைக் கடைசியில் துடையுங்கள்.

4. முகம், காதின் பின்புறம், கழுத்து. காதுக்குள் பட்ஸ் விடாதீர்கள், அழுக்கு உள்ளேதான் போகும். மஞ்சள் கயிற்றுத் தாலி ஈரமாகவே கழுத்தில் கிடந்தால் தோல் வெந்துபோகும். கயிற்றைத் துண்டால் ஒற்றி உலர்த்துங்கள்.

5. கைகள். விரலிலிருந்து தோள் நோக்கி நீண்ட இழுப்பு. உள்ளங்கையைப் பேசினிலேயே நனைக்க விடுங்கள், பலருக்கு அது பிடிக்கும். பக்கவாதக் கை இறுக மூடியிருந்தால் உள்ளே வியர்வை புளித்து நாறும். மணிக்கட்டை உள்பக்கமாக மெல்ல மடக்கினால் விரல்கள் தளரும், பலவந்தமாகப் பிரிக்கக்கூடாது.

6. மார்பு, வயிறு. மார்பகத்தின் கீழ் மடிப்பை உயர்த்தித் துடைத்து, முழுவதும் உலர்த்துங்கள். நம் ஊர் வெயிலில் பூஞ்சைப் படை முதலில் வரும் இடம் அதுதான்.

7. கால்கள், பாதம், ஒவ்வொரு விரலிடுக்கும். இங்கே தண்ணீரை மாற்றுங்கள்.

8. ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகும் பிட்டமும். படுக்கைப்புண்ணுக்கு வேவு பார்க்கும் நேரம் இதுதான், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

9. கடைசியில் மறைவிடம். தண்ணீர், துணி, கையுறை மூன்றையும் மாற்றிய பிறகு.

துடைப்பது என்றால் தேய்ப்பது என்று பொருளில்லை. துண்டால் ஒற்றி எடுங்கள். தோல் சற்று ஈரமாக இருக்கும்போதே கை, கால்களுக்கு மாய்ஸ்சரைசரோ தேங்காயெண்ணெயோ மெல்லத் தடவலாம். கால் விரலிடுக்குகளுக்கு மட்டும் எதுவும் வேண்டாம். பவுடர் மணமாக இருக்கும், பார்வையாளருக்குப் பிடிக்கும். மடிப்புகளில் அது வியர்வையோடு குழைந்து கட்டியாகித் தோலை அராவும். முகத்துக்கும் முதுகுக்கும் கொஞ்சம் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மறைவிடமும் டயப்பரும்

பெண்களுக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாகத்தான். பின்னிருந்து முன்னே வந்தால் மலக்கிருமி சிறுநீர்ப் பாதைக்குள் ஏறிவிடும். ஒவ்வோர் இழுப்புக்கும் துணியின் புதுப் பகுதி. ஆண்களுக்கு முன்தோலை மெல்லப் பின்தள்ளிக் கழுவி, உலர்த்தி, மீண்டும் முன்னே கொண்டுவந்துவிட வேண்டும். இதை மறந்தால் சில மணி நேரத்தில் வீங்கி, ரத்த ஓட்டம் தடைப்பட்டு, அவசர சிகிச்சை வரை போகும். பின்தள்ள வராத தோலை வற்புறுத்தாதீர்கள்.

ஈரத் துடைப்பான் தாளால் துடைத்துவிட்டால் சுத்தம் ஆகிவிடலாம். ஆயினும் வாழ்நாள் முழுவதும் தண்ணீர் விட்டுக் கழுவியவருக்குக் கழுவினால்தான் நிம்மதி. பெட்பான் வைத்து ஒரு குவளை வெதுவெதுப்பான நீரை மெதுவாக ஊற்றிக் கழுவுவதற்குக் கூடுதலாகப் பிடிப்பது ஓரிரு நிமிடம்தான். கழிப்பறைக்குப் போக முடிந்தவரை டயப்பருக்குப் பழக்கிவிடுவது இல்லங்களின் பெரிய பாவம் என்பேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்டுக் கூட்டிப் போனால் பகலில் பலருக்கு டயப்பரே வேண்டியிருக்காது.

வேண்டியவருக்கு, மலம் போனால் உடனே, சிறுநீர் என்றால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றுங்கள். இரவு முழுவதும் தாங்கட்டும் என்று ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு டயப்பர் போடுவது தோலை அவித்துவிடும். கழுவி, ஒற்றி, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, ஜிங்க் ஆக்ஸைடு களிம்பை மெல்லிய படலமாகத் தடவுங்கள். அடுத்த முறை களிம்பு முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டாம். அழுக்கை மட்டும் எடுத்தால் போதும்.

சிறுநீரை வெளியேற்றும் கத்தீட்டர் குழாய் இருந்தால், அது உடலுக்குள் நுழையும் இடத்திலிருந்து வெளிப்புறமாகத் துடைக்க வேண்டும். சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையைத் தொடாமல் தொங்கட்டும். நடக்கவைக்கும்போது பையை அவர் தோளில் மாட்டிவிடும் அவசரம் சில இடங்களில் உண்டு. பழைய சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் காலி செய்யுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒன்று: அரைஞாண் கயிறு. வயிறு பெருத்தோ மெலிந்தோ கயிறு இடத்தை மாற்றிக்கொள்ளும். ஈரக் கயிற்றின் கீழ் படை வரும், படுத்திருப்பவருக்குத் தோலில் பதிந்து புண்ணாகும். தூக்கிப் பார்த்துத் துடையுங்கள், தளர்த்திக் கட்டுங்கள். கழற்றுவதாக இருந்தால் அவரையும் குடும்பத்தையும் கேட்டுவிட்டுத்தான். மோதிரம், மெட்டி, காப்புக்கும் இதே விதி. விரல் வீங்கத் தொடங்கினால் காத்திருக்காமல் அன்றே சொல்லி, சோப்பு நீர் விட்டுக் கழற்றுங்கள்.

படுக்கைப்புண்ணை முதலிலேயே பிடிப்பது

வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், கணுக்கால், தோள்பட்டை, முழங்கை, பின்மண்டை, காது மடல். இவற்றைத் தினமும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுத்துத் திரும்ப வேண்டும். வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. புத்தகங்களில் சிவப்பு என்று எழுதியிருப்பது வெள்ளைத் தோலுக்கு. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு தெரியாமல் போகும். சுற்றுப்புறத்தைவிடக் கருத்து அல்லது ஊதாவாக இருக்கிறதா, தொட்டால் சூடா, கல் போலவோ சேறு போலவோ இருக்கிறதா, வலிக்கிறதா என்று பாருங்கள்.

அந்த இடத்தைத் தேய்த்துவிடக்கூடாது. அடியில் நொந்துபோன திசு கிழியும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையம் இன்னும் கடைகளில் விற்கிறது, அதுவும் வேண்டாம். வளையத்தின் விளிம்பில் அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் குறைகிறது. பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்து சுமார் 30 டிகிரி சாய்வாகப் படுக்க வையுங்கள். ஆடுசதையின் கீழ் தலையணை வைத்துக் குதிகாலை மெத்தையிலிருந்து தூக்கிவிடுங்கள். ஏர் பெட் போட்டாயிற்று, இனிப் புரட்ட வேண்டாம் என்ற நம்பிக்கை தவறானது. மேலே நகர்த்தும்போது அக்குளைப் பிடித்து இழுக்காமல், அடியில் விரித்த குறுக்கு விரிப்பை இரண்டு பேர் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள்.

தலைமுடி, சவரம், நகம்

படுத்தபடியே தலைக்கு ஊற்றலாம். பெரிய பிளாஸ்டிக் ஷீட்டின் இரு ஓரங்களையும் சுருட்டி வாய்க்கால் போலாக்கி, தோளுக்கு அடியிலிருந்து கட்டிலின் விளிம்பு வழியாக வாளிக்குள் விட்டுவிட்டால் படுக்கை நனையாது. கழுத்துக்குச் சுருட்டிய துண்டு, நெற்றியில் மடித்த துணி. சிக்கை நுனியிலிருந்து எடுத்துக்கொண்டு மேலே வாருங்கள். பின்மண்டையில் முடி சடை பிடிப்பது கவனிப்பு இல்லாததற்கு அடையாளம். பார்க்க வரும் பிள்ளைகள் அங்கே கை வைத்துப் பார்க்கலாம்.

பேன் வருகிறது, சிக்கு விழுகிறது என்று சொல்லிப் பெண்களின் முடியைக் கேட்காமலேயே ஒட்ட வெட்டிவிடும் வழக்கத்தை நான் ஏற்கவே மாட்டேன். பேனுக்கு மருந்து உண்டு, சிக்குக்குப் பின்னல் உண்டு. ஒரு பின்னல் போட்டு, அவர் விரும்பினால் ஒரு முழம் மல்லிகையும் வைத்தால், அன்று அவர் பேசும் பேச்சே வேறு. மோவாயில் முளைக்கும் முடியை எடுக்கலாமா என்று தனியாக, மெல்லக் கேளுங்கள். வெட்கத்தால் அவராகச் சொல்லமாட்டார்.

சவரத்துக்கு முன் வெந்நீர்த் துணியை முகத்தில் இரண்டு நிமிடம் வைத்து மயிரை மென்மையாக்குங்கள். தோலை இழுத்துப் பிடித்து, முடி வளரும் திசையிலேயே சிறு சிறு இழுப்பாக. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்கு மின்சார ஷேவர்தான் பாதுகாப்பு. மாதம் ஒருமுறை முடிதிருத்துபவர் வந்து வரிசையாக முடிப்பது பல இல்லங்களில் வழக்கம். ஆளுக்கொரு புது பிளேடு என்பதை நின்று பாருங்கள்; ரத்தத்தில் பரவும் மஞ்சள் காமாலை வகைகளான ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் பிளேடு வழியாகப் பரவக்கூடியவை. மீசையை எடுக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை, அவரைத் தவிர.

நகத்தைக் குளித்த பின், ஊறியிருக்கும்போது வெட்டுங்கள். கால் நகம் நேராக, ஓரம் குடையாமல். சர்க்கரை நோய் உள்ளவருக்கும் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவருக்கும் கால் நகத்தை நீங்கள் வெட்டாதீர்கள். செவிலியரோ மருத்துவரோ செய்யட்டும். ஆளுக்கு ஒரு நகவெட்டி, ஒரு சீப்பு, ஒரு துண்டு, எல்லாவற்றிலும் பெயர். இரவில் அரிப்பு அதிகமாகி, விரலிடுக்கில் கொப்புளம் தெரிந்தால் சிரங்காக இருக்கலாம். ஒருவருக்கு மட்டும் களிம்பு போட்டால் அது இல்லத்தைச் சுற்றிவரும். கூடத்தில் உள்ளவர்களுக்கும் பணியாளர்களுக்கும் ஒரே நாளில் மருந்து போட மருத்துவர் ஏற்பாடு செய்ய வேண்டும். துணிகளும் விரிப்புகளும் அன்றே வெந்நீரில் போக வேண்டும்.

உடுத்துவது

போடும்போது செயலிழந்த கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். இந்த ஒரு விதி தெரிந்தால் தோள்பட்டை இழுபடாது. முன்பக்கம் திறக்கும் நைட்டி வசதிதான். புடவை தவிர வேறு உடுத்தாதவருக்கு, நாற்காலியில் உட்காரும் நாளிலாவது மேலே ஒரு துண்டோ தாவணியோ போட்டுவிடுங்கள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுங்கள், காதுக் கருவியைப் பொருத்துங்கள். முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் முன் பிடியுங்கள்.

"வேண்டாம்" என்று சொன்னால்

மறதிநோய் உள்ளவர் குளியலுக்குக் கூப்பிட்டதும் கத்தினால், அடித்தால், அதைப் பிடிவாதம் என்று எழுதாதீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் தன் உடையை அவிழ்க்கிறார் என்பதுதான் அந்த நேரத்தில் அவருக்குத் தெரிவது. வலி இருக்கிறதா, குளிர்கிறதா, பயமா என்று பாருங்கள். மூட்டுவலிக்காரருக்கு மருத்துவர் சொன்ன வலி மாத்திரையைக் குளியலுக்கு அரைமணிக்கு முன் கொடுக்கச் செவிலியரிடம் கேட்டாலே பாதிச் சண்டை அடங்கும். முன்னால் வந்து, கண்ணைப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம் மட்டும் சொல்லுங்கள். 'குளிக்கலாமா' என்பதற்குப் பதில் 'கை கழுவலாம் வாங்க' என்று தொடங்கிப் பாருங்கள். பழைய பாட்டோ தேவாரமோ முணுமுணுத்தபடி செய்வோருக்கு வேலை எளிதாவதைப் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்க முதியோர் இல்லங்களில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், அவரவர் விருப்பத்துக்கேற்பக் குளிப்பாட்டியபோதும், வெதுவெதுப்பான ஈரத் துண்டுகளால் போர்த்தியபடியே துடைத்துவிட்டபோதும், அடிப்பது, திட்டுவது போன்ற எதிர்ப்புகள் பாதிக்கும் மேல் குறைந்தன. ஆகவே இன்று முடியாவிட்டால் முகம், கை, மறைவிடம் மூன்றை மட்டும் துடைத்துவிட்டு விடுங்கள். அரைமணி கழித்து வேறொருவர் முயலட்டும். இரண்டு பேர் கையைப் பிடிக்க, மூன்றாமவர் தண்ணீர் ஊற்றும் குளியல் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

எழுதி வைக்க வேண்டியவை

ஒருவரின் உடம்பு முழுவதையும் தினமும் பார்ப்பவர் மருத்துவர் அல்லர், நீங்கள்தான். புதிய சிவப்பு அல்லது கருப்பு, கன்றிப்போன காயம், வாய்ப்புண், நாக்கில் வெண்படலம், சிறுநீரில் ரத்தம், திடீர் உளறல், வளையல் திடீரெனத் தளர்வது, ஒரு காலில் மட்டும் வீக்கம், இவற்றைத் தேதியும் நேரமும் இட்டு அன்றே எழுதி, செவிலியரிடம் வாயாலும் சொல்லுங்கள். மேற்கையில் விரல் பதிந்ததுபோன்ற கன்றல் தெரிந்தால் யார் செய்திருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள். உள்ளே சொல்லியும் பயனில்லை என்றால், முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. பணியாளரும் அழைக்கலாம், குடும்பத்தாரும் அழைக்கலாம். குளியல் மறுக்கப்பட்ட நாளில் 'குளிப்பாட்டப்பட்டது' என்று டிக் அடிக்காதீர்கள். 'மறுத்தார், முகமும் கையும் துடைக்கப்பட்டன, மாலையில் மீண்டும் கேட்க வேண்டும்' என்று எழுதினால் அடுத்த ஷிப்டுக்கு வருபவருக்கு என்ன செய்வதென்று தெரியும்.